பாலூட்டும் மனைவி

பிள்ளை பிறந்த பின்னர் மனைவி தன்னிடம் முன்போல் ஒட்டுவதில்லை என்று மனத்துள் குறைபட்டுக்கொள்ளும் கணவன்மார் நம்மிடையே பலர் உளர். குறைபடுவோர் அதனை மனைவியிடம் சொல்வதில்லை. காப்பிக் கடையில் நண்பர்களிடம் வேடிக்கை போலச் சொல்வார்கள். "எனக்குப் பெண்டாட்டி போய்விட்டாள், பிள்ளைக்கு அம்மா வந்துவிட்டாள்" என்பார் ஒருவர். மற்றவர்கள் சிரிப்பார்கள். சிரிப்பவர்களில் இருவராவது அதே துன்பத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்தவர்களாக இருப்பார்கள்.

மனைவியின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. கணவனிடம் அன்பு குறையவில்லை என்பதை அவள் அறிவாள். ஆயினும் இரவில் அவன் கை மேலே பட்டவுடன் உடல் சுருங்குகிறது. இது ஏன் என்று அவளுக்கே விளங்குவதில்லை. தாயைக் கேட்க நாணம்; மாமியாரைக் கேட்க அச்சம்; மருத்துவமனையிலோ குழந்தையின் எடையைப் பற்றிப் பேசவே நேரம் போதாது. முடிவில் தன்னிடத்தில் ஏதோ பெருங்குறை நேர்ந்துவிட்டதென்று அவள் தனக்குள் முடிவு செய்துகொள்ளுகிறாள். "வீட்டுக்காரரைக் கவனியாமல் விட்டால் அவர் வேறிடம் போய்விடுவார், பார்த்துக்கொள்" என்று எச்சரிக்கும் மூதாட்டி ஒருத்தி எல்லா வரிசை வீடுகளிலும் உண்டு. அந்த எச்சரிக்கையைக் கணவனுக்குச் சொல்லும் மூதாட்டியை யான் இதுவரை கண்டதில்லை.

விதவை மணம், கலப்பு மணம், சாதி ஒழிப்பு, மதுவிலக்கு ஆகியவற்றைப் பற்றி நம் சீர்திருத்தப் பத்திரிகைகள் அஞ்சாமல் எழுதி வந்தவை. ஒரே பாயில் படுத்திருக்கும் கணவனும் மனைவியும் ஒருவர் உடலை மற்றவர் அறியாது கிடக்கும் இவ்விஷயத்தை மட்டும் நாம் அநாகரிகம் என்று ஒதுக்கி வைத்துவிட்டோம். ஆங்கில மருத்துவ நூல்களில் இது மிகச் சாதாரணமாக எழுதப்பட்டிருக்கிறது. தமிழில் சொன்னால் மட்டும் ஆபாசமாகிவிடும் என்றால், குற்றம் விஷயத்தினுடையதா, நம்முடையதா என்று வாசகர்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

முதலில் உடலின் செய்தியைச் சொல்லிவிடுவோம்.

கருவுற்றிருக்குங் காலத்தில் பெண்ணின் இரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்னும் இரு சுரப்புநீர்கள் மிகவுயர்ந்த அளவில் இருக்கின்றன. நச்சுக்கொடி வெளிப்பட்ட சில நாட்களுக்குள் இவ்விரண்டும் சடுதியில் வீழ்ந்துவிடுகின்றன. அவ்வீழ்ச்சியே பால் பெருகுவதற்கு வாயிலைத் திறக்கின்றது. குழந்தை வாய்வைத்துச் சப்புந்தோறும் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி புரோலாக்டின் என்பதை வெளிவிடுகிறது. பாலை உண்டாக்குவது அதுவே. பிறந்த குழந்தை ஒரு பகலிரவில் 8 முதல் 12 முறை பால் குடிக்கும். அவ்வாறு அடிக்கடி சப்பும் வரையில் சூற்பைகள் உறங்கிக் கிடக்கின்றன. மாதவிலக்கு வருவதில்லை, ஈஸ்ட்ரோஜனும் தாழ்ந்தே நிற்கிறது.

ஈஸ்ட்ரோஜன் தாழ்ந்தால் நேர்வதென்ன? பெண்ணின் உட்புறத் தசை மெலிந்து, ஈரம் குறைந்து, உலர்ந்துவிடுகிறது. மாதவிலக்கு அடியோடு நின்றுபோன முதிய பெண்களுக்கு வருகின்ற அதே வறட்சி, 25 வயதுத் தாய்க்குச் சில மாதங்கள் வந்து தங்குகிறது. கூடலின்போது எரிச்சலும் நோவும் தோன்றுகின்றன. இருமுறை நொந்தவள் மூன்றாம் முறைக்கு அஞ்சுவது இயற்கை. பேறுகாலத்தில் தசை கிழிந்து தையல் இட்டிருந்தாலோ, வயிற்றை அறுத்துக் குழந்தையை எடுத்திருந்தாலோ, அந்தப் புண்ணின் நினைவும் சேர்ந்துகொள்ளும். இவற்றோடு வேட்கையே அடங்கிவிடுவதும் உண்டு. அவளுடைய உடல் இப்போது கையிலுள்ள குழந்தையை வளர்ப்பதில் முழுதும் ஈடுபட்டிருக்கிறது. அடுத்த குழந்தைக்கு அவசரப்படவில்லை.

இந்த வறட்சிக்குப் பரிகாரம் மிக எளிது. மருந்துக் கடைகளில் நீரிற் கரையும் வழவழப்புக் களிம்பு கிடைக்கிறது. அது போதாவிடில், அவ்விடத்தில் மட்டும் இடுவதற்குரிய ஈஸ்ட்ரோஜன் களிம்பை மருத்துவர் எழுதித் தருவதுண்டு. இவ்வளவு சிறிய செய்தி தெரியாமையால் எத்தனை வீடுகளில் எத்தனை மாதங்கள் ஊடலும் சந்தேகமுமாகக் கழிகின்றன என்பதை எண்ணும்போது வருத்தமாகவும், சற்றுக் கோபமாகவும் இருக்கிறது.

சுரப்புநீர்களின் கணக்கில் அடங்காத காரணம் ஒன்றும் உண்டு. காலை முதல் இரவு வரை ஒரு சிற்றுயிரின் கையும் வாயும் அவள் மார்பிலும் தோளிலும் கழுத்திலும் ஒட்டிக்கொண்டே இருக்கின்றன. அவள் உடல் அவளுக்குச் சொந்தமாக இருக்கும் நேரம், குழந்தை உறங்கும் அந்த ஒரு மணியோ அரை மணியோதான். அந்நேரத்தில் இன்னொரு கை வந்து எதையேனும் வேண்டினால், அக்கை எவ்வளவு அன்புடையதாயினும், "இனி எவரும் என்னைத் தொடாதிருந்தால் போதும்" என்று தோன்றுகிறது. கணவனுக்கோ நாள் முழுதும் எவர் தொடுகையும் இல்லை. ஒருவர் பசித்தும் மற்றவர் தெவிட்டியும் ஒரே இலையில் உட்கார்ந்தால் எப்படியிருக்கும்? அன்றியும் நம் வீடுகளின் அளவை மறத்தலாகாது. பழைய தோட்டத்து லயமாயினும் இன்றைய அடுக்குமாடி மலிவு வீடாயினும், தடுப்புக்கு அப்பால் மாமியாரோ மைத்துனரோ உறங்குகின்றார். பிள்ளை அழுதால் வீடு முழுதும் விழிக்கிறது. தனிமை என்பது செல்வர்க்கே கிடைக்கும் பண்டமாய் இருக்கும்போது, இல்லற இன்பம் குறைந்ததென்று மனைவியை மட்டும் நொந்துகொள்வது நியாயமாகாது.

மற்றொரு சுரப்புநீரையும் சொல்லவேண்டும். அதன் பெயர் ஆக்ஸிடோசின். உண்டான பாலை மார்பிலிருந்து வெளியே பாயச் செய்வது இது. பேறுகாலத்தில் கருப்பையை இறுக்கிக் குழந்தையை வெளித்தள்ளுவதும் இதுவே. கூடலின் உச்சத்தில் பெருகுவதும் இதுவே. இக்காரணம்பற்றிக் கணவனோடு கூடியிருக்கும்போது பால் தானே சுரந்து வழிவது உண்டு. அதனை நோயென்று அஞ்சும் பெண்களும் உளர். அருவருப்பான செயல் செய்துவிட்டோமென்று குன்றிப்போகும் பெண்களும் உளர். கண்ணில் நீர் வருவது எவ்வளவு குற்றமோ அவ்வளவே இதுவும் குற்றம். முன்னதாகக் குழந்தைக்குப் பாலூட்டிவிட்டு, அருகே ஒரு துண்டை வைத்துக்கொண்டால் தீர்ந்தது.

இந்த ஆக்ஸிடோசின் மனத்துக்குக் கட்டுப்பட்டது என்பதை 1948இல் அமெரிக்காவில் ஒரு தம்பதியர் தம்மையே வைத்துச் சோதித்தனர். கணவர் மைக்கேல் நியூட்டன் மருத்துவர். மனைவி நைல்ஸ் நியூட்டன் உளநூல் அறிஞர். அப்போது கைக்குழந்தைக்குப் பாலூட்டிக்கொண்டிருந்த அவ்வம்மையார், பனிக்கட்டி நீரில் கால்களை வைத்தும், கால் விரலை வலிக்க இழுக்கச் செய்தும், கணக்குப் போட்டுத் தவறினால் மின்சார அதிர்ச்சி பெற்றும் பாலூட்டிப் பார்த்தார். குழந்தைக்குக் கிடைத்த பால் வெகுவாகக் குறைந்துபோயிற்று. அதே தொல்லைகளுக்கிடையில் ஆக்ஸிடோசினை ஊசிவழி ஏற்றியபோது பால் பெரும்பாலும் பழைய அளவுக்குத் திரும்பிற்று. பால் மார்பில் இருந்தது. கவலையும் நோவும் அதனைக் கட்டி நிறுத்தின. கால் விரலை இழுப்பதற்கே இப்படியென்றால், கடுஞ்சொல்லும் "வேறிடம் போவேன்" என்னும் மிரட்டலும் என்ன செய்யும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. மனைவியைத் துன்புறுத்தும் தகப்பன் தன் குழந்தையின் கிண்ணத்திலிருந்தும் எடுத்துக் கொட்டுகிறான்.

ஆயினும் எல்லாப் பெண்களையும் ஒரே படியால் அளப்பது தவறு. 1966இல் மாஸ்டர்ஸ், ஜான்சன் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர், பாலூட்டாத தாய்மாரினும் பாலூட்டும் தாய்மாரே கணவனோடு கூடுவதில் விரைந்து விருப்பங் காட்டினர் என்று எழுதினர். பின்னர் வந்த ஆராய்ச்சிகளிற் பல இதற்கு மாறாகவே கண்டன. முரண்பட்ட இவ்விரண்டும் உண்மையாக இருக்க இயலும். தாய்மையினால் தன் உடலைப்பற்றிப் புதிய பெருமை கொண்டு, முன்னிலும் நெருக்கத்தை விரும்பும் மனைவியும் உண்டு. அப்போது தயங்குபவன் கணவனாகிவிடுகிறான்.

கணவனின் இத்தயக்கத்தைப் பற்றி நம்மவர் வாய் திறப்பதேயில்லை. நேற்றுவரை தான் விரும்பிய மார்பு இன்று குழந்தையின் உணவுக்கலம் ஆகிவிட்டது. அதைத் தொடுவது முறையா என்று சிலர் திகைக்கின்றனர். பால் நாற்றம் சிலருக்குப் பிடிப்பதில்லை. தன் தாயை நினைவூட்டும் ஒன்றாக மனைவி மாறிவிட்டாள் என்று விலகுவோரும் உளர். பிள்ளையின்மீதே பொறாமை கொள்வோரும் உளர். தான் பெற்ற பிள்ளைமீது பொறாமையா என்று நகைக்க வேண்டா. உள்ளத்தில் எழுவதற்கெல்லாம் நாம் அனுமதிச் சீட்டுக் கொடுத்து வைத்திருக்கவில்லை.

இவ்விஷயத்தில் சங்கப் புலவர்கள் நம்மினும் வெட்கம் குறைந்தவர்கள். அல்லது நம்மினும் நேர்மை மிகுந்தவர்கள். அகநானூற்றின் 26ஆம் பாட்டைப் பாருங்கள். பாடியவர் உக்கிரப்பெருவழுதி என்னும் பாண்டிய மன்னர். ஒரு மனைவி தன் தோழியிடம் பேசுகிறாள். முன்னொரு காலத்தில், போதும் விடுங்கள் என்று தான் சொன்னாலும் கேளாமல் தன் மார்பைப் பாராட்டித் தழுவிக் கிடந்தவர் அவர் என்கிறாள். இப்போதோ அம்மார்பு புதல்வனுக்குரிய பாலால் கனத்திருக்கிறது. அவர் மார்பிலோ நறுஞ்சந்தனம் பூசியிருக்கிறது. இறுகத் தழுவவேண்டும் என்று விரும்பியவள் அவள். பால் தன்மேற் பட்டுவிடுமே என்று அஞ்சியவர் அவர். தழுவிய கை தளர்ந்ததை அவள் உடனே உணர்ந்துகொண்டாள். சண்டை போடவில்லை. செவிலியின் கையிலிருந்த மகனை நோக்கி, உமக்கு ஏற்றவர்கள் அழகிய பெண்கள், எனக்கு ஏற்றவன் இச்செல்வன் என்று சொல்லி, மெல்ல மகன்பக்கம் நகர்ந்துவிட்டாள். அதன்பின் அவர் செய்தது கவனிக்கத்தக்கது. இவனிடம் எனக்கும் காதல் உண்டு என்று சொல்லிக்கொண்டு, பணிந்து வந்து அவள் முதுகுப்புறத்தைத் தழுவிக்கொண்டார். பலமுறை உழுத செம்மண் மழைத்துளி பட்டு நெகிழ்வதுபோல் தன் நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது, இனி நான் எங்ஙனம் ஊடுவேன் என்று அவள் தோழியைக் கேட்கிறாள்.

இந்நூற்றாண்டின் குடும்ப நல ஆலோசகர் ஒருவர் இதற்குமேல் என்ன சொல்லிவிட முடியும்? பாலின் ஈரம், சந்தனத்தின் கவலை, தளர்ந்த கை, சொல்லாமற் சொன்ன வருத்தம் எல்லாம் அதில் இருக்கின்றன. கணவன் தவறியதும் திரும்பியதும் எவ்வழியென்று கவனியுங்கள். பிள்ளையைப் போட்டியாளனாக வைத்துவிட்டு அவன் மனைவியை மீட்கவில்லை. பிள்ளைக்குத் தானும் உரியவன் என்று வந்து நின்றே மீட்டான். முன்புறம் பாலும் பிள்ளையுமாக இருந்தமையால் பின்புறமாகத் தழுவினான் என்று கொண்டாலும் தவறில்லை. அவள் உடல் இருந்த நிலைக்கேற்ப அவன் தன் அன்பை அமைத்துக்கொண்டான். நற்றிணையின் 380ஆம் பாட்டில், பரத்தையரிடம் சென்ற தலைவன் அனுப்பிய பாணனை வாயிலில் நிறுத்தி, எங்கள் ஆடையில் நெய்யும் தாளிப்பும் படிந்திருக்கின்றன, தோளில் ஈன்ற வாடை வீசுகிறது, நாங்கள் அவருக்கு ஏற்றவரல்லர் என்று தோழி திருப்பி அனுப்புகிறாள். பிள்ளை பெற்றவளை விட்டு வேறிடம் போகும் வழக்கம் அன்றும் இருந்தது. அதற்கு மனைவியைப் பழிக்காமல், போனவனைக் குத்திக்காட்டும் துணிவும் அன்று இருந்தது. இத்துணிவை நாம் எந்தக் கப்பலில் தவறவிட்டோமோ அறியேன்.

இனி மூடநம்பிக்கைகள். பாலூட்டும் தாய் கணவனோடு கூடினால் பால் கெட்டுக் குழந்தை நோயுறும் என்பது உலகின் பல பகுதிகளில் நிலவிய எண்ணம். உரோமப் பேரரசில் வாழ்ந்த காலென் என்னும் பெரிய மருத்துவரே அவ்வாறு எழுதி வைத்தார். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் அவர் சொல்லே வேதமாயிருந்தது. நம் இஸ்லாமிய சகோதரர்களின் ஹதீஸ் தொகுப்பில் இதுபற்றி ஒரு செய்தி உண்டு: நபிகள் நாயகம் அவர்கள் இதனைத் தடுக்க எண்ணியிருந்ததாகவும், உரோமரும் பாரசீகரும் இவ்வாறு நடந்தும் அவர்களுடைய குழந்தைகளுக்குத் தீங்கு நேராமையைக் கண்டு தடுக்காது விட்டதாகவும் அதில் சொல்லப்பட்டிருக்கிறது. கண்ணால் கண்டதைக்கொண்டு கருத்தைத் திருத்திக்கொள்ளும் முறை எங்கிருந்து வந்தாலும் போற்றுதற்குரியது. கூடலினால் பால் கெடுவதில்லை. இரத்தப்போக்கு நின்று, புண் ஆறி, மனைவிக்கும் விருப்பம் இருக்குமாயின் தடையொன்றும் இல்லை. பொதுவாகப் பேறுகாலத்துக்கு 6 வாரங்களுக்குப் பின் மருத்துவர் பரிசோதிக்கும்போது இதனைக் கேட்டுத் தெளிந்துகொள்ளலாம்.

இதற்கு நேர்மாறான நம்பிக்கையும் உண்டு. பால் கொடுக்கும் வரை கரு தங்காது என்பது அது. இதில் பாதி உண்மை. 1988இல் இத்தாலியின் பெல்லாஜியோவில் கூடிய அறிஞர்கள் வகுத்த விதிப்படி, குழந்தைக்கு 6 மாதம் நிரம்பாமலும், மாதவிலக்குத் திரும்பாமலும், இரவும் பகலும் வேறுணவின்றித் தாய்ப்பாலே கொடுத்தும் வந்தால், 98 விழுக்காட்டுக்கு மேல் பாதுகாப்பு உண்டு. மூன்றில் ஒன்று தவறினாலும் அக்காவல் போய்விடும். மாதவிலக்கு வருமுன்பே சூல் முதிர்ந்துவிடக்கூடுமாதலின், விலக்கு வரட்டும் என்று காத்திருந்தவர்கள் கருவுற்ற பின்னரே விழித்துக்கொள்வதுண்டு. மறுபடியும் கருவுறுவோமோ என்னும் அச்சமே மனைவியின் தயக்கத்துக்குக் காரணமாயிருப்பதும் பலமுறை காணப்படுகிறது. அவ்வச்சத்தை நீக்குவது கணவனின் கடமையுமாகும். உறையைப் பயன்படுத்துவது அவன் கையில் இருக்கிறது. மாத்திரை வேண்டுமெனில் பாலூட்டுந் தாய்க்கு ஏற்றது எது என்று மருத்துவரைக் கேட்டே கொள்ளல் வேண்டும்.

கணவனின் அவசரத்துக்காகப் பாலையே நிறுத்திவிடும் வீடுகளும் உண்டு. "புட்டிப் பாலுக்கு மாற்றிவிடு, உன் உடம்பும் பழையபடி ஆகிவிடும்" என்று அறிவுரை சொல்லப்படுகிறது. பால் நின்றால் ஈஸ்ட்ரோஜன் திரும்பும் என்பது மெய்யே. விலை கொடுப்பது யார்? 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில், 'பாலும் கொலையும்' என்று பொருள்படும் தலைப்பில், சிசிலி வில்லியம்ஸ் என்னும் மருத்துவ அம்மையார் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். தாய்ப்பாலுக்கு மாற்றாக இனிப்பிட்ட டின் பாலைக் குழந்தைகளுக்குக் கொடுக்கத் தூண்டும் வியாபாரத்தைக் கொலைக்கு ஒப்பிட்டு அவர் கண்டித்தார். இன்றைய மாவுப்பால் அன்றைய டின் பால் அன்று. தாய்க்கு நோய் முதலிய காரணங்களால் அது தேவைப்படுவோரும் உளர். அவர்களை எவரும் பழித்தலாகாது. ஆனால் 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும், பின்னர் வேறுணவோடு 2 ஆண்டு வரையிலும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்பது உலகச் சுகாதார நிறுவனம் இன்றும் கூறும் அறிவுரை. அதனைக் கொடுக்க விரும்பும் தாயைக் கணவனின் பொறுமையின்மை தடுக்குமாயின், அவ்வீட்டில் வளர்த்து எடுக்கவேண்டிய பிள்ளைகள் இருவர் என்றே கொள்ளவேண்டும்.

ஆணின் உடலும் இக்காலத்தில் மாறுகிறது என்பதைப் பலர் அறியார். பிலிப்பைன்ஸ் நாட்டின் செபு தீவில் 624 இளைஞர்களை 2005இலும் மீண்டும் 2009இலும் சோதித்து, 2011இல் முடிவை வெளியிட்டனர். இடையில் தந்தையானவர்களுக்கு ஆண்மைச் சுரப்பாகிய டெஸ்டாஸ்டிரோன் கணிசமாகக் குறைந்திருந்தது. நாளொன்றுக்கு 3 மணி நேரமோ அதற்கு மேலுமோ குழந்தையைப் பேணியவர்களிடம் அது மேலும் தாழ்ந்து காணப்பட்டது. இதனை ஆண்மைக்கேடு என்று எண்ணி மருந்து தேடி ஓடவேண்டா. பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கும் ஆணின் உடல், மனைவியின் உடல் செல்லும் திசையிலேயே சிறிது தூரம் உடன் செல்கிறது. பிள்ளையைத் தொடாத ஆண்தான் தனியே நின்றுகொண்டு அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான்.

குழந்தை வேறுணவு உண்ணத் தொடங்கிச் சப்புவது குறையுங்கால், மாதவிலக்கும் ஈரமும் விருப்பமும் பெரும்பாலும் படிப்படியாகத் திரும்புகின்றன. அதுவரை கூடல் ஒன்றே அன்புக்கு அடையாளம் என்று கணவன் அடம்பிடிக்காமல், தலை தடவுவதும், கால் பிடித்துவிடுவதும், எதையும் எதிர்பாராமல் அருகே படுத்திருப்பதும் பழகிக்கொள்ளலாம். நோவு இருந்தால் மனைவி அதனைச் சொல்லவேண்டும். சொல்வதற்கு அவன் இடங்கொடுக்கவேண்டும். பல வாரங்களாக எதிலும் பற்றின்றி, உறக்கமின்றி, அழுதுகொண்டே இருப்பாளாயின் அது பேறுகாலத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு நோயாக இருத்தல் கூடும். பூசாரியிடம் போகாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லல் வேண்டும்.

சட்டமும் சிறிது இடங்கொடுத்திருக்கிறது. தீபகற்ப மலேசியாவில் 2023 ஜனவரி முதல், தாய்க்குரிய பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. மணமான தந்தைக்கும் தொடர்ந்து 7 நாள் விடுப்பு உண்டாயிற்று. சிங்கப்பூரில் 2025 ஏப்ரல் முதல் பிறக்கும் குடியுரிமைக் குழந்தைகளின் தந்தையர்க்கு 4 வாரம். தோட்டத்து அலுவலகத்தில் இம்மனுக்கள் என் மேசை வழியாகவே போகின்றன. அந்த 7 நாளில் ஆண்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டபடியே சிலர் கையொப்பம் இடுகின்றனர். வீட்டுக்கு வந்து பார்க்கும் அரசாங்கத் தாதியிடம் மூன்று காரியங்களைக் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள் என்று அவர்களிடம் சொல்லி வருகிறேன்: பால் குடித்த குழந்தையைத் தோளிற் சாய்த்து ஏப்பம் விடச் செய்வது, இரவில் துணி மாற்றுவது, மனைவி தொடர்ந்து நான்கு மணி நேரம் உறங்குமாறு, கறந்து வைத்த பாலைக் கிண்ணத்தால் புகட்டுவது. மூன்றாவதைச் சொல்லும்போது சிலர் விழிக்கின்றனர். பாலைக் கறந்து வைக்கலாமா என்று கேட்கின்றனர். சுத்தமான பாத்திரத்தில் மூடிக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் நான்கு நாள் வரை இருக்கும் என்று சொல்லியனுப்புகிறேன்.